முன்பணத்தில் ஏன் பாதி? ஒரு பூக்கடை நிரலுக்கு ஆவணம் எழுதியது

எங்கள் நிரலில் முன்பணம் பிடிக்கிற ஃபங்ஷன் (ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு பகுதி) ஒன்று இருக்கிறது. மொத்தமே மூன்று வரி. விவசாயி கடையில் வாங்கியிருக்கும் முன்பணப் பாக்கியை ஒரு பக்கம் வைக்கும், அன்றைய சிட்டையில், அதாவது விற்பனைக் கணக்குச் சீட்டில், உள்ள தொகையில் பாதியை இன்னொரு பக்கம் வைக்கும், இரண்டில் எது குறைவோ அதைத் திருப்பித் தரும். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்த யாரும் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். ஆனால் ஏன் பாதி? பாக்கி முழுவதையும் அன்றே பிடித்தால் என்ன? நிரலை எத்தனை முறை படித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள சில கமிஷன் கடைகளுக்கு நாங்கள் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடிதான் அலுவலகம். விவசாயி கொண்டுவரும் மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கியை எடை போட்டு, அன்றைய விலையால் பெருக்கி, கமிஷன், சுமைக்கூலி, முன்பணம் எல்லாம் கழித்துச் சிட்டை அடித்துத் தருவதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, காலையில் ஒரு விலைக்கும் வெயில் ஏறியபின் வேறு விலைக்கும் போகும். முகூர்த்த நாளென்றால் ஒரே ராத்திரியில் ஏறும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் சொல்லவே வேண்டாம். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் ஒவ்வொரு கடையும் தனக்கென்று சில வழக்கங்களை வைத்திருக்கிறது. அந்த வழக்கங்கள்தான் எங்கள் நிரலில் ஃபங்ஷன்களாக நிற்கின்றன.

முன்பு இதற்கெல்லாம் ஆவணம் என்று ஒரு வேர்டு ஃபைல் இருந்தது. எங்களுக்கு முன் இந்த நிரலை எழுதியவர்கள் விட்டுப்போனது. நிரல் மாறியபோது அது கூடவே மாறவில்லை. இருக்கவே இருக்காத ஃபங்ஷன்களைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக இருந்தது. ஆவணம் நிரலுக்கு வெளியே வாழ்ந்தால் அப்படித்தான் ஆகும். மாற்றம் செய்கிறவர் கண்ணில் அது படுவதே இல்லை.

பைத்தான் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஃபங்ஷனின் முதல் வரியாக வெறும் மேற்கோள் சரம் ஒன்றை எழுதினால், மொழி அதை எடுத்து அந்த ஃபங்ஷனோடேயே ஒட்டி வைத்துக்கொள்ளும். இதுதான் டாக்ஸ்ட்ரிங். சாதாரணக் கமென்ட்டை மொழி தூக்கிப் போட்டுவிடும்; டாக்ஸ்ட்ரிங் நிரல் ஓடும்போதும் கையில் இருக்கும், கேட்டால் கொடுக்கும். அதை எப்படி எழுதுவது என்ற மரபைப் பெப் 257 என்ற குறிப்பில் 2001-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதே ஆண்டு வந்த பைத்தான் 2.1-ல் பைடாக் என்ற கருவியும் சேர்ந்தது. எதையும் நிறுவாமலே மாட்யூலின் (ஒரு நிரல் ஃபைலின்) பெயரைக் கொடுத்தால் டாக்ஸ்ட்ரிங்குகளைத் தொகுத்துக் காட்டும். ஒரு ஃபைல், இரண்டு ஃபைல் என்றால் அதுவே போதும்.

எங்களுடையது அதைவிடப் பெரியது. பிடாக் என்ற கருவியைப் பார்த்தோம், மிக எளிது. எம்கேடாக்ஸோடு எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் சேர்த்துப் பார்த்தோம், தோற்றம் அழகு, மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டிலேயே எழுதலாம். கடைசியில் நின்றது ஸ்பிங்க்ஸ். கேயார்க் பிராண்டல் பைத்தானின் சொந்த ஆவணத்துக்காகவே எழுதி 2008-ல் வெளியிட்ட கருவி அது. முன்பு லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்த பைத்தான் ஆவணம் இதற்கு மாறியது. கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். ஆனால் சரிபார்க்கும் வசதிகள் இதில்தான் எனக்கு மனநிறைவாக இருந்தன. அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

அமைப்பது பெரிய வேலை இல்லை. குவிக்ஸ்டார்ட் கட்டளை கேள்வி கேட்டு ஓர் அமைப்பு ஃபைலை உருவாக்கும். அதில் ஆட்டோடாக், நெப்போலியன் என்ற இரண்டு துணைக்கருவிகளைச் சேர்க்க வேண்டும். ஆட்டோடாக் நிரலிலிருந்து டாக்ஸ்ட்ரிங்குகளை இழுத்து வரும். நெப்போலியன் இருந்தால் ஸ்பிங்க்ஸின் முரட்டுக் குறியீட்டில் எழுதத் தேவையில்லை, கூகுள் பாணியில் படிக்கச் சுகமாக எழுதலாம். ஏபிஐடாக் கட்டளை ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு பக்கத்தைத் தானே போட்டுவிடும்.

வரிசையை மட்டும் உடனே மாற்றினோம். ஆட்டோடாக் இயல்பாக அகரவரிசையில் அடுக்கும். எங்களுக்கு எடை, விலை, கமிஷன், கூலி, முன்பணம் என்று சிட்டை ஓடுகிற வரிசைதான் புரியும். மூல நிரலில் உள்ள வரிசையிலேயே காட்டச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டோம்.

முதல் தடவை ஓட்டியதுமே கட்டுமானம், அதாவது ஆவணப் பக்கங்களை உருவாக்கும் வேலை, நின்றுவிட்டது. ஆட்டோடாக் நிரலை வெறும் எழுத்தாகப் படிப்பதில்லை. உண்மையாகவே இம்போர்ட் செய்கிறது, அதாவது ஏற்றி ஓட்டுகிறது. எங்கள் மாட்யூல் ஒன்று இம்போர்ட் ஆனவுடனே ரசீது பிரிண்டரைத் தேடும்படி எழுதப்பட்டிருந்தது. கடையில் பிரிண்டர் இருக்கும், அதனால் இது யாருக்கும் தெரியவில்லை. ஆவணம் கட்டுகிற கம்ப்யூட்டரில் ஏது பிரிண்டர்? இல்லாத லைப்ரரிகளுக்குப் பதில் போலியை வைக்க ஸ்பிங்க்ஸில் வழி இருக்கிறது. பெரிய லைப்ரரிகளுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் இங்கே நோய் வேறு. ஒரு மாட்யூலைத் திறந்து பார்த்தாலே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது என்றால், அதைச் சோதிக்கவும் முடியாது, வேறு இடத்தில் பயன்படுத்தவும் முடியாது. பிரிண்டர் தேடும் வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் நகர்த்தினோம். டேட்டாபேஸ் இணைப்பையும் அப்படியே. ஆவணத்துக்காகத் தொடங்கிய வேலை நிரலையே சுத்தம் செய்ய வைத்தது. எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

டெக்கரேட்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுற்றிப் போர்த்தி அதன் வேலையில் ஏதாவது சேர்ப்பது) போட்ட ஃபங்ஷன்கள் எல்லாம் விளக்கமே இல்லாமல் வந்து நின்றன. டெக்கரேட்டர் எழுதும்போது பைத்தானின் ஃபங்க்டூல்ஸ் மாட்யூலிலுள்ள ராப்ஸைப் போட்டால் மூல ஃபங்ஷனின் பெயரும் டாக்ஸ்ட்ரிங்கும் கூடவே வரும். ஒரு வரித் திருத்தம்.

டைப் ஹின்ட், அதாவது வகைக் குறிப்பு, பற்றி ஒரு வார்த்தை. பைத்தான் 3.5 முதல் ஃபங்ஷன் எந்த வகை மதிப்பை வாங்கும், எதைத் தரும் என்று முறையாக எழுதலாம். அமைப்பில் சொல்லிவிட்டால் அதை ஸ்பிங்க்ஸ் விளக்கப் பகுதியிலேயே கொண்டுவந்து காட்டும். அதனால் டாக்ஸ்ட்ரிங்கில் வகையைத் திரும்ப எழுத வேண்டாம். ஆனால் எடை என்பது டெசிமல் (தசம எண்) என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கிலோவா, கிராமா? விலை கிலோவுக்கா, நூறு கிராமுக்கா? அலகு டைப்பில் வராது, கையால்தான் எழுத வேண்டும். டேட்டாகிளாஸின் (தரவைப் புலம் புலமாகப் பிரித்து வைக்கும் அமைப்பு) ஒவ்வொரு புலத்துக்கும் மேலே, ஹாஷ் குறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி சேர்த்துக் கமென்ட் எழுதினால் ஆட்டோடாக் அதையும் ஆவணமாக எடுத்துக்கொள்ளும். எங்கள் சிட்டை கிளாஸில் ஒவ்வொரு புலத்துக்கும் இப்படி அலகு எழுதியிருக்கிறது. எழுதிய பிறகு எடைத் தகராறு எங்கள் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

எங்களோடு ஒரு தம்பி வேலை செய்கிறார், திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நல்ல மூளை. டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபங்ஷன்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதைப் பார்த்துவிட்டு, செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைக் கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே மாலையில் எழுதிக் கொண்டுவந்தார். முன்பண ஃபங்ஷனுக்கு அது எழுதியிருந்தது இதுதான்: "முன்பணப் பாக்கியையும் தொகையில் பாதியையும் ஒப்பிட்டு, இரண்டில் குறைந்த மதிப்பைத் திருப்பித் தரும்." பிழை ஒன்றும் இல்லை. நிரல் சொல்வதைத்தான் தமிழில் சொல்கிறது. நிரலைப் படிக்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒரு சொல்லும் கிடைக்காது.

"அக்கா, இப்ப நூறு சதவீதம் வந்துருச்சு" என்றார். டாக்ஸ்ட்ரிங் எத்தனை ஃபங்ஷனுக்கு இருக்கிறது என்று கணக்கிடும் இன்டெராகேட் என்ற கருவியை ஓட்டிக் காட்டினார். எல்லாம் பச்சை.

அந்தப் பச்சைதான் எனக்கு உறுத்தியது. முந்தின நாள்வரை எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது: எதையெல்லாம் யாரும் விளக்கவில்லை என்ற பட்டியல். ஒவ்வொரு காலி இடமும் யாரிடமாவது போய்க் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. இப்போது எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வாக்கியம் உட்கார்ந்துவிட்டது. எது தெரிந்து எழுதியது, எது நிரலைப் பார்த்துத் திருப்பிச் சொன்னது என்று பிரித்தறிய வழியில்லை. தெரியாதது எது என்பதே தெரியாமல் போய்விட்டது. இதைத் தம்பியிடம் உட்காரவைத்துச் சொன்னேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியில் எல்லாவற்றையும் பின்னுக்கு எடுத்துவிட்டார்.

கருவியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவுருக்களின் பட்டியல், எந்தச் சூழலில் எந்தப் பிழையை எழுப்பும், எந்த கிளாஸ் எதிலிருந்து பிறந்தது, இவையெல்லாம் எந்திரம் எடுக்கட்டும். நிரலில் இருப்பதை அது நம்மைவிட ஒழுங்காக எடுக்கும். ஒருவர் காரணத்தைச் சொன்ன பிறகு அதை ஒழுங்கான வாக்கியமாக்கவும் உதவட்டும். காரணம் நிரலில் இல்லாதபோது, அதை எழுத நிரலை மட்டும் பார்க்கும் எதனாலும் முடியாது. அது இருக்கிற இடம் மாட்டுத்தாவணி.

அதனால் ஸ்பிங்க்ஸைக் காலி இடங்களைக் காட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். ஆட்டோடாக் இயல்பாக டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபங்ஷன்களைப் பக்கத்திலிருந்தே விட்டுவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் முழுமையாக இருப்பதுபோல் தோன்றும். அவற்றையும் காட்டு என்ற விருப்பம் எல்லாப் பக்கங்களிலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இப்போது வெறும் பெயரும் கீழே வெள்ளையுமாக அவை நிற்கும். ஸ்பிங்க்ஸிலேயே கவரேஜ் என்றொரு துணைக்கருவி உண்டு. விளக்கம் இல்லாதவற்றின் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதித் தரும். அதை அச்சிட்டுக்கொண்டு வியாபாரம் ஓய்ந்த மதிய நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிறோம்.

முன்பண ஃபங்ஷனுக்குப் பதில் அப்படித்தான் கிடைத்தது. அந்த வழக்கம் உள்ள கடையின் கணக்குப்பிள்ளை வயதானவர், கையால் பேரேடு எழுதியவர். "ஏன்யா, பாதிக்கு மேல பிடிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டதும் சொன்னார்: "தாயி, பறிச்ச கூலிய அன்னன்னைக்குக் குடுக்கணும்ல. நாம முழுசாப் பிடிச்சுட்டா அந்தாளு கூலிக்கு எங்க போவான்? நாளைக்குப் பறிக்க ஆளு வராது. ஆளு வராட்டி பூவும் வராது."

இப்போது டாக்ஸ்ட்ரிங்கில் அது இருக்கிறது. விவசாயி பறிப்புக் கூலியை அன்றே கொடுக்க வேண்டியிருப்பதால் சிட்டைத் தொகையில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது, இது கடையின் விதி, மாற்றும் முன் கடையைக் கேட்க வேண்டும். மூன்று வரி நிரலுக்கு நான்கு வரி ஆவணம். நாளைக்கு யாரோ ஒருவர் "கடன் சீக்கிரம் அடையட்டும்" என்று அந்தப் பாதியை எடுத்துவிட நினைத்தால், இது அவர் கையைப் பிடிக்கும்.

இதே மாதிரிதான் தேதி விஷயமும். நள்ளிரவுக்கு முன் வந்து இறங்கும் பூவை நிரல் மறுநாள் தேதியில் சேர்க்கிறது. பார்க்கிறவர் பிழை என்றே நினைப்பார். இரவு இறங்கினாலும் விற்பது மறுநாள் விடியற்காலையில்தான், விலை அந்த நாளின் விலை, சிட்டையும் அந்த நாளின் சிட்டை. இந்தக் காரணத்தையும் கடையில் கேட்டுத்தான் எழுதினோம்.

டாக்ஸ்ட்ரிங்குகளைத் தமிழில்தான் எழுதுகிறோம். அதைப் படிப்பவர்கள் நாங்களும் கடைக்காரர்களும்தானே. பைத்தான் 3-க்கு யூனிகோடு இயல்பு. ஸ்பிங்க்ஸ் பக்கங்களில் தமிழ் அழகாகவே வருகிறது. தேடல் பெட்டிதான் காலை வாரியது. "மல்லி" என்று தேடினால் மலை வருகிறது. காரணத்தைத் தேடிப் பார்த்தோம். ஸ்பிங்க்ஸ் சொற்களைப் பிரிக்க, "எழுத்து அல்லது எண்" என்று பொருள்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைக் கண்டுபிடிக்கும் விதி) குறியைப் பயன்படுத்துகிறது. பைத்தானின் கணக்கில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்தே இல்லை, ஒட்டுக் குறிகள். எனவே "மல்லி" என்பது "மல" என்றும் "ல" என்றும் உடைகிறது. மலையும் "மல"தான். பிச்சி, முல்லை எல்லாம் ஒற்றை எழுத்துகளாகச் சிதறும்.

இதற்கும் வழி இருக்கிறது. ஸ்பிங்க்ஸில் தேடல் மொழியை நாமே ஒரு கிளாஸாக எழுதிப் பதிவு செய்யலாம். யூனிகோடின் முதன்மைத் தமிழ்ப் பகுதியில் உள்ள 128 இடங்களையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள் என்று பிரிக்கும் விதியை மாற்றினோம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேடலுக்கான அட்டவணை போடும்போது பைத்தானில் பிரிக்கிற விதியும், தேடும்போது பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் பிரிக்கிற விதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் தேடல் சரியாக வேலை செய்யாது. தமிழில் ஆவணம் எழுத நினைக்கிறவர்கள் இந்த ஒரு இடத்தில் பொறுமையோடு நின்று சரிசெய்துவிட்டால், மற்றதெல்லாம் தடையில்லாமல் ஓடும். வேற்றுமை உருபு சேர்ந்த சொற்களை, மல்லியை, மல்லிக்கு என்பவற்றை ஒன்றாகப் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.

எழுதியது நிரலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது டாக்டெஸ்ட். டிம் பீட்டர்ஸ் எழுதியது. இதுவும் பைத்தான் 2.1-லேயே வந்துவிட்டது. டாக்ஸ்ட்ரிங்குக்குள் ஓர் எடுத்துக்காட்டையும் அதற்கு வர வேண்டிய விடையையும் எழுதி வைத்தால், அதை ஓட்டிப் பார்த்து விடை மாறினால் கத்தும். எங்களுக்கு இது கை கொடுத்த இடம், பைசாவை ரூபாயாக்குவது. பைத்தானின் ரவுண்ட் என்ற ஃபங்ஷன் 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் விதி. கூட்டுத்தொகையில் சாய்வு வராமல் இருக்க அது நல்ல விதிதான். பூ மார்க்கெட்டில் 50 பைசா என்றால் மேலே ஏற்றி விவசாயிக்குக் கொடுப்பதுதான் எங்கள் கடைகளின் வழக்கம். அதனால் டெசிமலில் பாதியை மேலே ஏற்றும் முறையைத் தேர்ந்திருக்கிறோம். டாக்ஸ்ட்ரிங்கில் 2 ரூபாய் 50 பைசாவுக்கு 3 என்று எடுத்துக்காட்டு இருக்கிறது. பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியோடு சேர்ந்து ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓடுகிறது. சுருக்கமாக எழுதுகிறேன் என்று யாராவது சாதாரண ரவுண்டைப் போட்டால் ஆவணமே அவரை நிறுத்தும்.

கட்டுமானத்தில் இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள். ஆவணத்தில் சுட்டியிருக்கும் ஃபங்ஷன் இல்லாமல் போனால் எச்சரிக்கை தரச் சொல்லும் ஒரு விருப்பம், எச்சரிக்கை எதுவானாலும் பிழையாக எடுத்துக் கட்டுமானத்தையே தோல்வியாக்கும் இன்னொரு விருப்பம். இரண்டும் சேர்ந்தால், ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டு ஆவணத்தை மறந்துபோக முடியாது. முதலில் பழைய எச்சரிக்கைகள் ஏராளமாக வரும். பொறுமையாக ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். இன்டர்ஸ்பிங்க்ஸ் என்ற துணைக்கருவியையும் சேர்த்துக்கொண்டால் டெசிமல் போன்ற பைத்தானின் சொந்தப் பெயர்கள் நேராகப் பைத்தான் ஆவணத்துக்கே இணைப்பாகிவிடும்.

இந்த வாரப் பட்டியலில் இன்னும் காலியாக இருப்பவற்றில் ஒன்று சம்பங்கிக்கானது. ஒரு கடைக்கு மட்டும், அதுவும் சில மாதங்களில் மட்டும், எடையில் சிறு கழிவு போடுகிறது. ஈரத்துக்காக இருக்கலாம் என்று தம்பி சொல்கிறார். இப்போது கடையில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. அந்த வழக்கத்தைச் சொன்ன பழைய கணக்குப்பிள்ளை நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டாராம். தை முகூர்த்த நெரிசல் குறைந்ததும் போய்ப் பார்த்துக் கேட்கலாம் என்றிருக்கிறோம். அதுவரை அந்த ஃபங்ஷனுக்கு டாக்ஸ்ட்ரிங் எழுத வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.